'கிராண்ட்மாஸ் பாய்' கிளைமாக்ஸ்: பாட்டி ஜெயிச்சா அது ஆதாரமா?

பில்டுராஜா:
2006 ஜனவரியில வந்த ஹாலிவுட் காமெடிப் படம். கஞ்சாப் புகை, கக்கூஸ் ஜோக்... அதுல எனக்குத் தகராறு இல்லை, தகராறு கிளைமாக்ஸோடதான். ஒரு வீடியோ கேம் கம்பெனியில பிழை தேடற 35 வயசு டெஸ்டர் அலெக்ஸ் வீட்டுல தனியா 'டெமானிக்'னு ஒரு கேம் பண்றான். அந்தக் கம்பெனியோட செல்லப்பிள்ளை ஜே.பி. அதைச் சுட்டு 'என்னுது'ங்கறான். அலெக்ஸோட பாட்டி லில்லி கன்ட்ரோலரை எடுத்து அதே கேம்ல அவனைத் தோற்கடிச்சதும் வழக்கு முடிஞ்சுது! ஆடத் தெரிஞ்சதும் செஞ்சதும் ஒண்ணா? கேமை எழுதின மூல நிரலை, சோர்ஸ் கோடைக் கேளுங்கய்யா. ஒரு எதிரியோட வேகத்தைக் கோடுல மாத்தி, இங்கேயே கம்பைல் பண்ணி (ஓடற கேமா மாத்தி) ஓட்டிக் காட்டுன்னா ஜே.பி. திருதிருன்னு முழிப்பான்.

பூச்சிபிடி:
பாட்டிதான் செஞ்சாங்கன்னு யாரும் சொல்லலையே ராஜா. வெளியாகாத கேம், கடையில கிடையாது. அதுல எந்த மூலையில எது வரும்னு ஒரு பாட்டிக்குக் கை பழகியிருக்குன்னா, அது அந்த வீட்டுல பல நாள் ஓடியிருக்கு. டெஸ்டர் கண்ணுக்கு இது நல்ல தடயம்.

பில்டுராஜா:
'டெஸ்ட் பண்ணுன்னு நான்தான் கொடுத்தேன், வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடியிருக்கான்'னு ஜே.பி. ஒரு வரி சொன்னா உங்க தடயம் காலி. அலெக்ஸ் சம்பளம் வாங்கறதே அதுக்குத்தானே. கோடுல செய்யற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ணி வைக்கற மென்பொருள் படம் எடுக்கற காலத்துலயே உண்டு: பெர்ஃபோர்ஸ் இருந்தது, 2004லயே சப்வெர்ஷன் 1.0 வந்தாச்சு. அந்தப் பதிவு, அதாவது கமிட் வரலாறு இருந்தா எந்த ஃபைல் என்னிக்குப் பொறந்து எப்படி வளர்ந்துச்சுன்னு வரிசையா நிக்கும். அதுவும் வேணாம், 'ஃபைனல்', 'ஃபைனல்_2', 'நிஜமாவே_ஃபைனல்'னு நாலு ஜிப் கூடவா இல்லை?

கடைசிகமிட்:
ஜிப்போட தேதி ஆதாரமே இல்லை. கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளிட்டு சேவ் பண்ணா முடிஞ்சுது. திருடினவன்கிட்ட இல்லாதது பாதியில கைவிட்ட வேலைதான்: வேண்டாம்னு தூக்கிப்போட்ட லெவல், டெக்ஸ்சரோட (மேற்பரப்புப் படத்தோட) லேயர் ஒண்ணாக்காத மூல ஃபைல், 3டி மாடலோட பழைய வடிவம். முடிஞ்ச பில்டுல (ஓடத் தயாரான கேம் வடிவத்துல) இதெல்லாம் வராது.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு. படத்துல தெரியற டெமானிக் நிஜமாவே தயாரிப்புல இருந்த கேம். டெர்மினல் ரியாலிட்டி ஸ்டூடியோ செஞ்சுக்கிட்டிருந்தது, வெளியிட வேண்டியது மஜெஸ்கோ. அப்புறம் ரத்தாயிடுச்சு. ஒரு ஸ்டூடியோவோட உழைப்பைத்தான் ஒத்த ஆளு ரூம்ல செஞ்சதா காட்டறாங்க.

பூச்சிபிடி:
ஒத்த ஆளால முடியாதுங்கறதை ஒத்துக்க மாட்டேன். 2004ல வந்த 'கேவ் ஸ்டோரி' ஒரே ஆள் 5 வருஷம் உட்கார்ந்து செஞ்சது.

கடைசிகமிட்:
அது 2டி, கம்ப்யூட்டர்ல ஓடறது. டிவியில மாட்டி ஆடற கன்சோலுக்கு 3டின்னா டெவ் கிட், அதாவது கேம் செய்யறவங்களுக்கான தனி கன்சோல் வேணும். அந்தக் காலத்துல அதை வீட்டு விலாசத்துக்குப் பார்சல் அனுப்ப மாட்டாங்க.

பூச்சிபிடி:
சரி, அந்த இடத்துல படம் சறுக்கல்தான். டெஸ்டிங் காட்சிகளையும் சேர்த்துத் திட்டிக்கோங்க. சோபாவுல சாய்ஞ்சு ஜெயிக்கற வரைக்கும் ஆடறதா டெஸ்டிங்? ஒரே அறையோட சுவர் முழுக்க உரசிக்கிட்டே நடக்கணும், ஒவ்வொரு மூலையிலயும் குதிக்கணும், அந்தக் காலத்து கன்சோல்னா சேவ் ஆகும்போது மெமரி கார்டை உருவணும். ஆட்டத்துக்கு நடுவுல கன்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கினா கேம் தானா நின்னு செய்தி காட்டணும். காட்டலைன்னா கன்சோல் கம்பெனி சர்டிஃபிகேஷன்ல (வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க பண்ற சோதனையில) திருப்பி அனுப்பிடும். ரிலீஸ் தேதி தள்ளும்.

அப்புறம் பிழை ரிப்போர்ட். 'பாலத்துக்கிட்ட ஹேங் ஆகுது'ன்னு எழுதினா புரோகிராமர் அப்படியே மூடிடுவான். எழுத வேண்டியது இப்படி: 'பில்டு 47, லெவல் 3. வாள் வீசிக்கிட்டே பாலத்தோட இடது ஓரத்துல குதி, தரையில படறதுக்குள்ள பாஸ் பட்டனை (ஆட்டத்தை நிறுத்தி வைக்கறது) அழுத்து. 10 தடவையில 4 தடவை உறையுது. வாள் வீசாம குதிச்சா வரலை.' அந்தக் கடைசி வாக்கியம்தான் பாதி வேலையை முடிக்கும். பிழை குதிக்கறதுல இல்லை, வாள் அனிமேஷன் பக்கம் தேடுன்னு சொல்லுது. புகை போட்ட மண்டைக்கு எந்த பட்டனை முதல்ல அழுத்தினோம்னே ஞாபகம் இருக்காது, பத்து தடவை எங்கே திருப்பிச் செய்யறது!

பில்டுராஜா:
ஹாஹா. அப்போ பாட்டிதான் அந்த வீட்டுலயே நல்ல டெஸ்டர்.

சட்டைப்பை:
எல்லாரும் திருடனையே துரத்தறீங்க. அலெக்ஸ் வேலை பார்க்கற பிரெய்னேசியம் கம்பெனி கலிபோர்னியாவுல இருக்குன்னு வெச்சுக்குவோம். அங்கே தொழிலாளர் சட்டம் 2870ஆம் பிரிவு, சொந்த நேரத்துல, கம்பெனிப் பொருளைத் தொடாம செஞ்ச கண்டுபிடிப்பை ஊழியருக்கே விடுது. ஆனா அது முதலாளியோட தொழில் சம்பந்தப்பட்டதா இருந்தா இந்தப் பாதுகாப்பு கிடையாது. கேம் கம்பெனி ஊழியர் செஞ்ச கேம்! வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்தைப் பொறுத்து, ஜே.பி. தோத்தாலும் கம்பெனி 'எங்களுது'ன்னு வந்து நிக்கலாம்.

பில்டுராஜா:
அப்போ பாட்டி அடுத்து அலெக்ஸோட மேலதிகாரி சீசலோட ஆடணுமா?