உறைபனி வீக்கமா, உறைவேற்றமா?

> 'உறைபனி வீக்கம்'னே வச்சுக்கலாமே, தண்ணி உறைஞ்சா விரியுது, மண்ணு வீங்குது, எல்லாருக்கும் புரியும்

ஐயா, குளிர் நாட்டுல மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு தரையும் ரோடும் மேல எழும்புதே (frost heave), அதுக்குத்தான் தமிழ்ல சொல் தேடுறோம். நீங்க சொன்னது புரியும்தான், ஆனா தப்பா புரியும். தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம்தான் விரியும், அது மட்டும்னா ரோட்ட இந்தத் தூக்குத் தூக்காது. நடக்கிறது வேற: மேலருந்து குளிர் இறங்கி மண்ணு உறைய உறைய, அந்த உறையுற விளிம்பு கீழ இருக்கிற ஈரத்த உறிஞ்சி மேல இழுக்குது, வந்த தண்ணி அங்கயே தட்டுத்தட்டா பனிக்கட்டியாகுது, அந்தத் தட்டு தடிக்கத் தடிக்க மேல இருக்கிற எல்லாம் எழும்புது. டேபர்னு ஒரு அமெரிக்க நிலவியலாளர் 1930 வாக்குல தண்ணிக்குப் பதிலா பென்சீன் ஊத்திப் பாத்தாரு, அது உறைஞ்சா சுருங்குற சரக்கு, அப்பவும் மண்ணு எழும்புச்சு. இதுக்கப்புறமும் வீக்கம்னா எப்படி?

என் பரிந்துரை 'உறைவேற்றம்'. தரையும் ஏறுது, தண்ணியும் கிணத்து ஏத்தத்துல வர்ற மாதிரி கீழருந்து வருது, ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள உக்காந்துடுது. 'உறையேற்றம்'னு சுருக்க வேணாம், குழாய் வேலைல உறைன்னா வெளிய மாட்டுற உறைக்குழாய் ஞாபகம்தான் வரும். பனிக்கட்டித் தட்டுக்கு (ice lens) 'உறைவில்லை'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, வில்லைன்னா லென்ஸ், ஆனா சேத்துப் படிச்சா 'உறைவு இல்லை'ன்னு வருதே :) 'பனித்தட்டு' போதும்.

இளகும்போது தரை அமுங்குறதுக்கு ஜோடியா 'இளகிறக்கம்'. மண்ணுக்கடியில புதைச்ச குழாய்க்கு ரெண்டுமே எமன். வண்டல் மண்ணு நல்லா எழும்பும், சரளை அவ்வளவா எழும்பாது, ஒரே குழாய் பாதி இதுலயும் பாதி அதுலயும் கிடந்தா வளைஞ்சு, பழைய வார்ப்பிரும்பா இருந்தா குறுக்கால வளையமா முறிஞ்சிடும். இதுல ரோட்டுமேல விழுந்த பனிய வழிச்சு வேற எடுத்துடுறாங்க, போர்வை போயிடுது, பக்கத்துத் தரைய விட ரோட்டுக்கடியில குளிர் ஆழமா இறங்குது. இளகுறதோ பெரும்பாலும் மேலருந்து, அடி இன்னும் கல்லா கிடக்க தண்ணி வடிய வழியில்லாம மேல்மண்ணு கூழாகுது, அந்த நேரம் பாத்து லாரி ஏறும்.

ஆனா என் சொல்லுலயும் ஒரு உதைப்பு இருக்கு, நானே சொல்லிடுறேன். பனித்தட்டு மேல தூக்குற அதே வேகத்துல கீழயும் நெருக்குது, அதனால உறைவுக்குக் கீழ பத்திரமா கிடக்கிற குழாய்மேல கூட பாரம் கூடும். அங்க எதுவும் ஏறல, அழுத்தம் மட்டும்தான். அதுக்கு 'உறைவுப்பாரம்'னு தனியா ஒண்ணு வைக்கலாமா, இல்ல உறைவேற்றத்துக்குள்ளயே அடக்கணுமா?