கருப்பை வாய்ப் புற்றுநோய்: பி53 மரபணு பழுதாகாமலே நோய் வருமா?

அல்லிமலர்:
என் அக்காவுக்குக் கருப்பை வாயில் செதில் செல் புற்றுநோய் இருப்பது பயாப்ஸியில் தெரியவந்து, அடுத்த வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவிருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘பி16: அடர்த்தியாகவும் பரவலாகவும் பாசிட்டிவ், பி53: இயல்பான வகை’ என்றிருக்கிறது. இரண்டுமே புற்றுநோயைத் தடுக்கும் புரதங்கள் என்று படித்தேன். ஒன்று மிகுதியாக இருந்து, மற்றொன்று பழுதில்லாமலும் இருக்கும்போது நோய் எப்படி வந்தது? எனக்கும் அக்காவின் 12 வயது மகளுக்கும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று வீட்டில் கவலைப்படுகிறோம்.

ஆய்வுக்கூடம்:
அக்கா நலம் பெற வேண்டும், சகோதரி. நுரையீரல், பெருங்குடல் போன்ற இடங்களில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலும் பி53 மரபணுவே திரிந்துவிடுகிறது. கருப்பை வாயிலோ மரபணு அப்படியே இருக்க, அது உண்டாக்கும் புரதம்தான் அழிக்கப்படுகிறது. இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான எச்பிவி (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16, 18 ஆகிய வகைகளின் ஈ6 புரதம், நம் செல்லுக்கே உரிய ஒரு நொதியைத் துணைக்கு இழுத்து, பி53 புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்னும் அடையாளத்தை ஒட்டச் செய்கிறது. அடையாளம் ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லின் கழிவு அகற்றும் அமைப்பு சிதைத்துவிடுகிறது.

பி16 மிகுந்திருப்பதற்கு வைரஸின் ஈ7 புரதம் காரணம். செல் பிரிவதைப் பி16 நேரடியாகத் தடுப்பதில்லை. ஆர்பி என்னும் புரதத்தின் வழியாகவே தடுக்கிறது. அந்த ஆர்பியை ஈ7 அழித்துவிடுவதால், கம்பி அறுந்த சைக்கிளில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நிற்காததுபோல, பி16 எவ்வளவு சுரந்தாலும் பயனில்லாமல் செல்லில் தேங்குகிறது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியை, வைரஸ் மரபணுக்கள் இன்னும் இயங்குகின்றன என்பதற்கான தடயமாகவே நோய்க்குறியியல் மருத்துவர்கள் படிக்கிறார்கள்.

1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றும் வளர்க்கப்படும் ஹீலா செல்களில் எச்பிவி 18 இருக்கிறது, பி53 மரபணு பழுதின்றி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஈ6, ஈ7 வெளிப்பாட்டை நிறுத்தினால் பி53 மீண்டும் சேர்ந்து, அச்செல்களின் பெருக்கம் நின்றுவிடுகிறது. இத்தனை பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவை அவ்விரு வைரஸ் மரபணுக்களையே சார்ந்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மருதன்:
மேலே சொல்லப்பட்டது சரியே. ஆனால் ‘மரபணு அப்படியே இருக்கிறது’ என்பதைப் பி53க்கு மட்டும் கொள்ள வேண்டும். எச்பிவி தொற்று பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் பல ஆண்டுகள் தங்கும் சிலரிடம், வைரஸின் டிஎன்ஏ நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும்போது அதன் ஈ2 மரபணு அறுபடுவதுண்டு. ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கி வைப்பது அந்த ஈ2தான். வைரஸை எதிர்க்க நம் உடல் வைத்திருக்கும் அபோபெக் நொதிகளும் நம் டிஎன்ஏவிலேயே எழுத்துகளை மாற்றிவிடுகின்றன. செல் வளர்ச்சியைத் தூண்டும் பிஐகே3சிஏ மரபணுவில் 542, 545ஆம் இடங்களில் அடிக்கடி காணப்படும் திடீர்மாற்றங்கள் அந்த நொதிகளின் முத்திரையோடு இருக்கின்றன. 2017இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகுதி ஆய்வில் ஏறத்தாழ கால்வாசிக் கட்டிகளில் இம்மரபணு மாறியிருந்தது. சில கட்டிகளில், நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து கட்டி தப்ப உதவும் பிடி-எல்1 என்னும் புரதத்தின் மரபணுப் படிகள் பெருகியிருந்தன. நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேட்கும்போது இச்சொல் உங்கள் காதில் விழலாம்.

அல்லிமலர்:
மிக்க நன்றி. அப்படியானால் இந்த மாற்றங்கள் அக்காவின் மகளுக்குப் போகாதா?

ஆய்வுக்கூடம்:
போகாது. அவை கருப்பை வாயின் செல்களில் பின்னாளில் தோன்றியவை, கருமுட்டையில் இல்லாதவை. எஸ்டிகே11 மரபணுக் குறையால் வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் ஓர் அரிய விதிவிலக்கு. அக்குடும்பங்களில் உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகள் என்னும் சிறு சதை வளர்ச்சிகளும் காணப்படும்; கருப்பை வாயில் வருவதும் பெரும்பாலும் எச்பிவி சாராத சுரப்பிப் புற்றுநோய். உங்கள் அக்காவின் ரிப்போர்ட் அந்த வகையைக் காட்டவில்லை. உங்களுக்கு 30 வயது கடந்திருந்தால் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகளுக்கு 12 வயதுதான் என்பதால், 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டிய எச்பிவி தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் இப்போதே போட்டுவிடுங்கள்.