தமிழ் தெரியாது என்று நினைத்துப் பேசிவிட்டேன்: காசியில் கடைசி நாள்

கரூர்க்காரி:

ஜனவரியில் ஒன்பது நாள் வடக்கே சுற்றிவிட்டு வந்தோம். டெல்லி, ஆக்ரா, பிரயாக்ராஜ், கடைசியில் காசி. மற்ற ஊர்களைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் கடைசி நாளை மட்டும் சொல்கிறேன், அன்றைக்குத்தான் என் மானம் போனது.

இரவு ரயில், அதற்குள் சாரநாத் பார்த்துவிடலாம் என்று திட்டம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை, அப்படிப் பனிமூட்டம். கார்க்காரர் மதியத்துக்கு முன்னால் வண்டியை எடுக்க முடியாது என்றுவிட்டார். சரி, அறையில் உட்கார்ந்து என்ன செய்வது, கங்கைப் பக்கமாவது போவோம் என்று நான், வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேரும் கிளம்பினோம். மாமியார் இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதற்கு மேல் மகனின் ஜெர்கினையும் மாட்டி, குரங்குக் குல்லாவோடு நடந்து வந்ததைப் பார்த்துச் சந்து மாடு ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.

வழியில் 'மலையோ' என்கிற இனிப்பு சாப்பிட்டோம். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்கப் பனியில் வைத்து விடிகாலையில் கடைந்து எடுக்கிற நுரை, குங்குமப்பூ போட்டு மஞ்சளாக, மேலே பிஸ்தாத் தூள். மண் குவளையில் கோபுரமாக அள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள், வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை, கரைந்துவிடுகிறது. "இதுக்கா காசு, வெறும் காத்து" என்றார் மாமியார். முடிந்ததும் அதே குவளையில் கொஞ்சம் இனிப்புப் பால் ஊற்றிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் சமாதானமாகி இன்னொன்று கேட்டார்.

அனுமான் காட் படித்துறையில் துடுப்புப் படகு ஒன்று நின்றது. படகுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், வாய் நிறையப் பான். 1,500 கேட்டார், என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேசி 900-க்குக் கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்ததும் நான் மாமியாரிடம், "இவனப் பாத்தா நடு ஆத்துல நிறுத்திட்டு இன்னும் ஐந்நூறு குடுன்னு கேப்பான் போல இருக்குதுங்க அத்த" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், யாருக்குப் புரியப்போகிறது என்று.

அவர் துடுப்பை இரண்டு இழுப்பு இழுத்தார். பானை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "நடு ஆத்துல எல்லாம் கேக்க மாட்டேன் மாமி, கரைக்குப் போய்த்தான் கேப்பேன்" என்றார்.

எனக்குக் குளிரே போய்விட்டது. மாமியார் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. என் வீட்டுக்காரர் என்னைத் தெரியாதவர் மாதிரி கங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன, தினம் கேக்கறதுதானே" என்றுவிட்டார். சின்ன வயதிலிருந்தே அந்தப் பகுதியில் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார்கள் அனுப்பும் தமிழ்நாட்டு ஆட்களைப் பஞ்சதீர்த்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம், அசியில் ஆரம்பித்து மணிகர்ணிகா வரை ஐந்து இடத்திலும் பிண்டம் வைக்க. தமிழ் முழுக்க அப்படிக் கேட்டே வந்தது, அதனால் 'உட்காருங்கோ', 'பாத்து இறங்குங்கோ', 'உங்காத்துக்காரர்' என்று அச்சு அசல் அக்ரகாரத் தமிழ். கரூரில் என்னை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை, கங்கையில்தான் கூப்பிட்டார்கள்.

பனிக்குள் ஒவ்வொரு படித்துறையாகத் திடீர் திடீரென்று வந்தது. பிணம் எரிக்கும் அரிச்சந்திரா காட்டில் முதலில் நெருப்பு மட்டும் தெரிந்தது, கிட்டே போனபிறகுதான் ஆட்கள். கேதார் காட்டின் சிவப்பு வெள்ளைப் பட்டைப் படிகளைக் காட்டி, "நம்ம கோயில் மாதிரியே இருக்கா?" என்றார். 'நம்ம' என்றுதான் சொன்னார். குமரகுருபரர் மடமும் அங்கேதான். நடுவில் கடற்பறவைகள் கூட்டமாக வந்தன, குளிருக்கு மட்டும் வருகிறவை. அவற்றுக்குப் போடுவதற்காகப் பக்கத்துப் படகில் ஓமப்பொடி பாக்கெட் விற்றார்கள், வாங்கப் போனேன். "வேண்டாம் மாமி, அதுக்கு வயிறு கெட்டுப்போயிடும்" என்று தடுத்துவிட்டார்.

திரும்பி வந்து இறங்கியதும் சொன்னபடியே கேட்டார், டீக்கு நூறு ரூபாய். கொடுத்துவிட்டோம். கையோடு அவரே சந்துக்குள் கூட்டிப்போய்ப் பாரதியார் இருந்த வீட்டையும் காட்டினார். அப்பா 1898-இல் இறந்தபிறகு அத்தை குப்பம்மாள் வீட்டில் வந்து தங்கிப் படித்தாரே, அந்த வீடு. நானாக வந்திருந்தால் அதைத் தாண்டியே போயிருப்பேன்.

சாரநாத்துக்கு ஒருவழியாக மூன்று மணிக்குப் போய் தாமேக் ஸ்தூபியை ஒரு சுற்று சுற்றி, ரூபாய் நோட்டில் இருக்கும் நாலு சிங்கத்தை மியூசியத்தில் பார்த்துவிட்டு ஓடிவந்தோம். ரயில் ஐந்து மணி நேரம் லேட். அது தெரிந்திருந்தால் நிதானமாகப் பார்த்திருக்கலாம்.

உங்களுக்கும் இப்படிக் கடைசி நாளில் யாராவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

பழைய டைம்டேபிள்:

எங்கள் கடைசி நாள் ஆக்ராவில், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பது எங்கள் குழுவில் பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத்தான் அதிகம் திட்டு, டிக்கெட் போட்டவன் நான். ஆட்டோக்காரர்தான் யமுனைக்கு அக்கரையில், தாஜ்மகாலுக்கு நேர் எதிரே இருக்கும் மேத்தாப் பாக் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கேயும் பனி. ஒன்றுமில்லாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். அப்புறம் மேலே குவிமாடம் மட்டும் தெரிந்தது, கீழே ஒன்றுமில்லை, அந்தரத்தில் நிற்கிறது. யாரும் போட்டோ எடுக்கவில்லை, மறந்துவிட்டோம். ஆட்டோக்காரர் சென்னை என்றதும் தோனி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார், ஏதோ நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

மிளகுரசம்:

அமிர்தசரஸ். டிசம்பர் கடைசி, பொற்கோயில் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் குளிர் முழங்கால் வரை ஏறும். லங்கரில், அதாவது அங்கே எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். ரொட்டி பரிமாறிய பெரியவர் என் முன்னால் நின்றார், நான் நம்மூர்ப் பழக்கத்தில் வலது கையை மட்டும் நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அப்படியே நிற்கிறார். பக்கத்தில் இருந்த சின்னப் பையன் என் இடது கையை இழுத்து வலது கையோடு சேர்த்து வைத்தான். இரண்டு கையில் ரொட்டி விழுந்தது. பையன் தலையை ஆட்டிவிட்டுத் தன் கீரைக் குடிக்கப் போய்விட்டான், அதாவது பாயசம், அங்கே அதற்குக் கீர் என்று பெயர்.

@கரூர்க்காரி, அந்தப் படகுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? மார்ச்சில் அப்பாவுக்குப் பஞ்சதீர்த்தம் செய்ய வேண்டும்.

கரூர்க்காரி:

நம்பர் வாங்கவில்லையே. அனுமான் காட் படியில் நின்று தமிழில் யாரையாவது சத்தமாகத் திட்டிப் பாருங்கள், அவரே வருவார்.