மறு: 'லிம்ப் மோடு'க்குத் தமிழில் என்ன? மட்டோட்டம் சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களின் எச்சரிக்கை விளக்குகள் பற்றிய கையேட்டுக்காக, பிழை கண்ட வண்டியைக் கணினி வலுவைக் குறைத்து ஓடவிடும் 'லிம்ப் மோடு' நிலைக்கு ('லிம்ப்' என்றால் நொண்டுதல்) சொல் கேட்டுத் தொடங்கிய இழை, நாலைந்து மடலுக்குள் 'நொண்டி' என்று எழுதலாமா கூடாதா என்ற வழக்காகிவிட்டது. வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் பாதி வழக்கு தானாகவே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. மடல் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'இழுவை இழப்பு' என்று போட்டால் போதாதா? பட்டறையில் எல்லோரும் 'வண்டி இழுக்க மாட்டேங்குது' என்றுதானே சொல்கிறார்கள்.

போதாது. 'இழுக்கவில்லை' என்பது ஓட்டுபவரின் புகார். அதற்குப் பின்னால் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, எஞ்சினால் முடியவில்லை. பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வரவில்லை, எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டு புகை வெளியேற வழியில்லை. இப்படி ஏதோ ஒன்று. மற்றொன்று, எஞ்சினால் முடியும், அதை ஆளும் கணினியான ஈசியுதான் விடவில்லை. ஒரு சென்சார் சொல்வதை நம்ப முடியாமலோ, அளவு மீறிப் போவதைப் பார்த்தோ, எஞ்சினையும் கியர்பெட்டியையும் காப்பாற்றுவதற்காகக் கணினி வேண்டுமென்றே கையைக் கட்டிவிடுகிறது. 'லிம்ப் மோடு' என்பது இந்த இரண்டாவதற்கு மட்டும்தான் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கையேட்டைப் படித்தவர் ஃபியூயல் ஃபில்டரை மாற்றுவார், அடுத்து பம்ப்பை மாற்றுவார். கோளாறோ ஆக்ஸிலேட்டர் பெடலின் சென்சாரில் உட்கார்ந்திருக்கும்.

ஓட்டும்போதே இரண்டையும் பிரித்தறிய முடியும் என்பதுதான் இதில் முக்கியம். முடியாமல் போகிற எஞ்சின் பெரும்பாலும் திணறிக் காட்டும். குலுங்கும், விக்கும், ஒரு நேரம் ஓடி மறுநேரம் தளரும். கணினி பிடித்துவைக்கும்போது அப்படி இருக்காது. ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், சட்டென்று மஞ்சள் விளக்கு வருகிறது. பெடலைத் தரையோடு மிதித்தாலும் பல வண்டிகளில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 2,500 அல்லது 3,000 சுற்றுக்கு மேல் ஏறாது. ஆனால் குலுக்கல் இல்லை, சத்தம் சீராக இருக்கிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டால் பல நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இழுக்கும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இந்தச் சாவிச் சோதனையை முழுக்க நம்பவும் கூடாது. அடைபட்ட ஃபியூயல் ஃபில்டரும் சிறிது ஓய்வு கிடைத்தால் தேறிவிட்டதாக நடிக்கும். வித்தியாசம் என்னவென்றால், ஃபில்டர் அடைப்பு மறுபடியும் மெல்ல மெல்லத்தான் தளர்த்தும்; கணினி கைவைத்தால் ஒரே நொடியில் வெட்டிவிடும்.

எப்படிப் பிடித்துவைக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், எந்த ஒரு வழியையும் சொல்லுக்குள் வைத்துக் கட்டக் கூடாது. எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்துவது த்ராட்டில். கேபிள் இல்லாத மின் த்ராட்டில் உள்ள வண்டியில், பெடலில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் பி2138 என்ற பிழைக்குறி (டிரபிள் கோடு) கணினியில் பதிவாகும், கணினி பெடலின் பேச்சை நம்புவதை நிறுத்திவிடும். த்ராட்டில் மோட்டாருக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டிவந்தால், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் தகட்டைச் சிறிதளவு திறந்த நிலையில் நிறுத்திவைக்கும். ஊர்ந்துபோய் எங்காவது சேர அது போதும். டர்போ டீசலில், டர்போவின் காற்றழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றால் பி0299 பதிவாகும். பல வண்டிகளில் கணினி டர்போவை ஒதுக்கிவைத்துவிட்டு டீசலையும் குறைக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் ஒரே கியரில் நின்றுவிடும்.

இன்னும் பழைய, கேபிள் த்ராட்டில் வண்டிகளில் கணினியால் தகட்டைப் பிடித்துவைக்க முடியாது. அங்கே அது செய்வது வேறு. குளிர்நீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் செத்துப்போனால், தானே ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு அதன்படி பெட்ரோலை விடும். மின்விசிறி ஓயாமல் சுற்றும், வண்டி மந்தமாகும், பெட்ரோல் குடிக்கும். இதுவும் அதே குடும்பம்தான்.

இப்போது முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> நொண்டிப் பாங்கு. நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

எல்லோருக்கும் புரியும், ஆனால் தவறாகப் புரியும். நொண்டுவது என்றால் தாளம் தவறிப் போவது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாத வண்டிதான் உண்மையில் நொண்டுகிறது. இது சீராக, மெதுவாகப் போகிறது. மனிதர்களைக் குத்துகிற சொல் என்று ஒருவர் சுட்டியதும் நியாயம்தான்.

> அவசர ஓட்டம் எப்படி? ஜெர்மனில் 'நோட்லாஃப்' என்பதும் கிட்டத்தட்ட அதேதானே.

ஜெர்மனில் பொருந்தலாம். தமிழில் 'அவசரமாக ஓடினான்' என்றால் வேகமாக ஓடினான் என்று பொருள். முள் 3,000-ஐத் தாண்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு இந்தப் பெயரை வைத்தால் ஓட்டுபவர் சிரிப்பார், அல்லது அழுவார்.

'முடக்க நிலை' என்றால் வண்டி நின்றேபோன மாதிரி இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் நோக்கமே நின்றுபோகாமல் இருப்பதுதான். 'தற்காப்புப் பாங்கு' பொருளில் மிக நெருக்கம், அதை முன்மொழிந்தவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பட்டறையில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கைப்பேசிகளில் 'விமானப் பயன்முறை' வந்துவிட்டதால் 'காப்புப் பயன்முறை' என்று போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பயன்முறை என்பது நாம் தேர்ந்தெடுப்பது. இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, வந்து விழுகிறது.

என் முன்மொழிவு 'மட்டோட்டம்'. மட்டுப்படுத்தப்பட்ட ஓட்டம். மட்டு என்றால் அளவு, எல்லை. யாரோ எல்லை போட்டிருக்கிறார்கள் என்ற குறிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 'இழப்பு' என்று முடிகிற எந்தச் சொல்லிலும் அது கிடைக்காது. புது வண்டிக்கு 'வெள்ளோட்டம்' என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும். 'வண்டி மட்டோட்டத்துக்குப் போயிடுச்சு', 'மட்டோட்டத்துலயே கொண்டுவந்து சேர்த்தேன்' என்று பேச்சிலும் வளைகிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். கணக்குப் பாடத்தில் கலப்பெண்ணின் மட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கலப்பெண்ணை யாரும் நினைக்கப்போவதில்லை. 'மட்டமான ஓட்டம்' என்று காதில் விழுகிறது என்பது அதைவிட வலுவான எதிர்ப்பு. அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர் அதையும் மறுக்க மாட்டார்.

இனி, இதற்கு மேலே வரவேண்டிய பொதுத் தலைப்பு. ஓட்டுபவரின் புகாருக்கும் ஒரு பொதுச் சொல் வேண்டும், அதில் 'இழுவை' கூடாது என்பேன். அதே டாஷ்போர்டில், சக்கரம் வழுக்கும்போது எரிகிற இன்னொரு விளக்கு பல வண்டிகளில் உண்டு. அதை ஏற்கெனவே சிலர் 'இழுவைக் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். 'இழுவை இழப்பு' என்றால் சக்கரம் பிடிப்பை இழந்தது என்றுதான் அவர்களுக்குப் படும். 'திறன் இழப்பு' தமிழ்நாட்டுப் பாடநூலின்படி சரி, 'பவர்' என்பது அங்கே திறன், இலங்கைப் பாடநூல்களில் வலு. ஆனால் பொதுப் பேச்சில் திறன் என்பது திறமை. வலு என்றால் இரண்டு கரையிலும் புரியும். ஆகவே 'வலுக்குறைவு' என்று வைக்கலாம். வலுக்குறைவு அறிகுறி, மட்டோட்டம் அதன் காரணங்களில் ஒன்று.

> டிரபிள் கோடு: பழுதுக்குறியா, பிழைக்குறியா?

பிழைக்குறி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பழுது என்றால் ஏதோ ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று பொருள். குறி அப்படிச் சொல்வதே இல்லை. பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று கணினி பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் 'பழுதுக்குறி' என்று படித்தவர் நேராகப் போய் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார். அந்தச் சென்சார் பாவம், உள்ளதைச் சொன்னது. ஸ்கேனரில் எரிபொருள் திருத்தத்தை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தால் கதை வேறாகத் தெரியும். ஐடிலிங்கில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 20 சதவீதம் கூட்டிக் கொடுத்துவிட்டு, 2,500 சுற்றில் 5-க்கு இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது; ஒழுகும் காற்றின் அளவு மாறுவதில்லை, எஞ்சின் இழுக்கும் காற்று கூடக்கூட அதன் பங்கு சிறுக்கிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, பாரம் ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் வரத்தையோ காற்றளவுச் சென்சாரின் அழுக்கையோ பார்க்க வேண்டும். ஒரே குறி, எதிரெதிர்த் திசைகள்.

குறியோடு சேர்த்து, அந்த நொடியில் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, குளிர்நீர் வெப்பம் எவ்வளவு என்று கணினி ஒரு பதிவு எடுத்துவைக்கிறது. அதற்கு 'உறைபடம்' என்று வந்த முன்மொழிவு நன்றாக இல்லை, அது படமே இல்லை. 'பிழைநேரப் பதிவு' என்று சொல்லிவிட்டுப் போகலாம். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: குறியை அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும், எழுதிவைக்காமல் அழிக்கக் கூடாது.

விளக்கைப் பற்றி ஒரே ஒரு திருத்தம். வரைவில் 'எச்சரிக்கை விளக்கு வந்தால்' என்று ஒற்றையாக இருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு நின்று எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. நின்று எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பிழைகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகுதான் அது எரியவே எரியும். சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது. உடனே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். பட்டறையில் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்கள், நமக்கு 'எரிதவறல்' போதும். கையேட்டில் உதாரணம் வேண்டுமென்றால் இது நல்ல உதாரணம்: பி0301 (ஒன்றாம் சிலிண்டரில் எரிதவறல்) வந்தால் அந்தச் சிலிண்டரின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, அதை இதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறி பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று மேலே போகலாம். சில டீசல் வண்டிகளில் சுருள் வடிவச் சூடேற்றி விளக்கும் சிமிட்டும். அது எரிதவறல் அல்ல, பெரும்பாலும் மட்டோட்டத்தின் அடையாளம். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள். சிவப்பில் வரும் எண்ணெய் அழுத்த விளக்கு இந்தக் கணக்கிலேயே சேராது. அதைப் பார்த்தால் எஞ்சினை அணைப்பது ஒன்றே வழி.

பழைய கார் என்றால் எவ்வளவு பழையது என்றும் வரைவில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேனரை மாட்ட ஒரே வகைப் 16 முள் இணைப்பும் பொதுப் பிழைக்குறிகளும் கட்டாயமாயின. அதற்கு முந்தையவற்றில் நிறுவனத்துக்கு ஒரு வழி. சிலவற்றில் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால், விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே குறி. அங்கே சிமிட்டலுக்கு மூன்றாவது பொருள் வந்துவிடுகிறது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: 'மட்டோட்டம்: பிழை கண்டபோது, எஞ்சினுக்கோ கியர்பெட்டிக்கோ சேதம் வராதிருக்கக் கட்டுப்பாட்டுக் கணினி வண்டியின் வலுவைக் குறைத்து, ஓட்டத்தை மட்டும் அனுமதிக்கும் நிலை.'

எனக்கே தீராதது ஒன்று உண்டு. மேலே சொன்ன கேபிள் வண்டியில் கணினி எதையும் மட்டுப்படுத்தவில்லை, தெரியாத மதிப்புக்கு ஒன்றை ஊகித்து வைத்துக்கொள்கிறது. வலு குறைவது அதன் பக்கவிளைவு. அதையும் மட்டோட்டத்தில் அடக்கலாமா, 'ஊகவோட்டம்' என்று தனியாகப் பிரிக்கலாமா? நான் அடக்கலாம் என்ற பக்கம் சாய்கிறேன். அந்தக் காலத்து வண்டிகளில் கைவைத்துப் பழகியவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.