ஃபிளாஞ்ச் ஹவுசிங்கிற்கு முழு வெட்டா, அரை வெட்டா?

கேள்வி: வணக்கம். ஃபிளாஞ்சில் (விளிம்புத் தட்டில்) 120 பாகை இடைவெளியில் 3 போல்ட் துளைகளும், அவற்றுக்கு நடுவே 3 ரிப்களும் (வலுவூட்டும் மெல்லிய விலாக்கள்) உள்ள ஒரு வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங்கை (பேரிங்கைத் தாங்கும் உறையை) வரைகிறேன். பாகத்தை நடுவில் பிளந்தது போலக் காட்டும் முழு வெட்டில் செங்குத்தாக வெட்டினால் மேலே துளையும் கீழே ரிப்பும் அகப்படுவதால் படம் ஒருபக்கம் கனத்துத் தெரிகிறது. ஒரு பாதியில் உட்புறத்தையும் மறுபாதியில் வெளிப்புறத்தையும் காட்டும் அரை வெட்டுக்கு மாறலாமா?

மறுமொழி 1: உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டிய சமச்சீர் பாகத்துக்கே அரை வெட்டு பொருந்தும். உங்கள் ஹவுசிங்கின் வெளிப்புறம், அச்சின் திசையில் பார்க்கும் வட்டத் தோற்றத்திலேயே தெளிவாகிவிடுவதால் முழு வெட்டே போதும். அரை வெட்டில் உள்விட்டத்துக்கு ஒற்றை அம்புக்குறியோடு அளவிட நேர்வதும் ஒரு தொல்லை. துளையையும் ரிப்பையும் வெட்டுத்தளத்துக்குச் சுழற்றிக் கொண்டுவந்து, மையத்திலிருந்து உண்மையான தூரத்தில் இரு பக்கமும் காட்டுவதே வழக்கம்.

மறுமொழி 2: ரிப்பை நீளவாக்கில் வெட்டும்போது அதில் ஹேட்சிங் (வெட்டுப்பட்ட பரப்பைக் குறிக்கும் சாய்கோடுகள்) போடாதீர்கள். ஒருமுறை நான் போட்டுவிட்டேன். பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்பவர் அதைத் திண்மமான கூம்பு என்று எண்ணி மரத்தைச் செதுக்கத் தொடங்கிவிட்டார். அசெம்பிளி படமானால் ஷாஃப்ட், போல்ட், கீ (ஷாஃப்டோடு சக்கரத்தைப் பிணைக்கும் ஆப்பு) ஆகியவற்றுக்கும் நீளவாக்கில் இதே விதிதான்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பக்கவாட்டில் ஒரு சிறிய கிரீஸ் துளையும் இருக்கிறது. அதற்குத் தனி வெட்டு வேண்டுமா?

மறுமொழி 1: வேண்டாம். வட்டத் தோற்றத்தில் அந்த இடத்தை மட்டும் மெல்லிய கைக்கோட்டால் வளைத்து, பகுதி வெட்டாகக் காட்டிவிடுங்கள்.