கிழக்காசிய வரலாறு டீச்சர் ட்ரெய்னிங்: சம்மர் செமினார் போனா வொர்த்தா?

காவேரிக்கரை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியால ஒரு பப்ளிக் ஸ்கூல்ல ஒன்பதாம் கிளாஸுக்கு வேர்ல்ட் ஹிஸ்டரி எடுக்கறேன். காலேஜ் படிச்சது மதுரைல, தூரகிழக்கு நாடுகள் வரலாறுன்னு ஒரு பேப்பர் இருந்துச்சு, அபினிப் போர், மெய்ஜி, மாவோன்னு பரீட்சைக்கு உருப்போட்டதோட சரி. இங்க சீனா ஜப்பான் கொரியா மூணுக்கும் சேர்த்து மூணு வாரம்தான் குடுக்கறாங்க, அதுலயும் கொரியான்னா 1950 போர்தான், அதுக்கு முன்னாடி அந்த நாடே இல்லாத மாதிரி டெக்ஸ்ட்புக் தாண்டிப் போயிடுது. பசங்க என்னடான்னா கே-பாப், அனிமேன்னு என்னைவிட நாலு மடங்கு தெரிஞ்சு வச்சிருக்காங்க, கேள்வி கேட்டா நான்தான் முழிக்கணும்.

ஆக்ட் 48 (டீச்சர்ங்க தொடர்ந்து ட்ரெய்னிங் எடுக்கணும்ங்கற பென்சில்வேனியா சட்டம்) படி அஞ்சு வருஷத்துக்கு 180 மணி நேரம் காட்டணும்ல, அதை டிஸ்ட்ரிக்ட்ல நடத்தற சாஃப்ட்வேர் ட்ரெய்னிங்லயே ஓட்டிட்டு இருக்கேன். இப்ப என்சிடிஏ (நேஷனல் கன்சார்ட்டியம் ஃபார் டீச்சிங் அபவுட் ஏஷியா) செமினார் பத்தி ஒரு மெயில் வந்துச்சு. போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? சும்மா லெக்சர் கேட்டுட்டு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வர்றதா, இல்ல கிளாஸ்ல நிஜமா யூஸ் ஆகுமா? சின்னப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு சம்மர்ல ஒரு வாரம் ஒதுக்கறதுன்னா வீட்ல ஒரு பஞ்சாயத்தே நடக்கும், அதான் கேக்கறேன்.

ஒஹாயோக்காரி:

போயிருக்கேன், கண்ணை மூடிட்டு போங்க.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், என்சிடிஏங்கறது 1998ல ஆரம்பிச்சது, ஃப்ரீமன் ஃபவுண்டேஷன் பணத்துல ஓடுது, கொலம்பியா, இண்டியானா, கொலராடோ, வாஷிங்டன்னு பல யூனிவர்சிட்டி சேர்ந்து நடத்தறாங்க, உங்க பக்கம் பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டி இருக்கு. முழு செமினார்னா வழக்கமா 30 மணி நேரம். ஃபீஸ் கிடையாது, புக்ஸ் குடுப்பாங்க, பல இடத்துல ஸ்டைபெண்டும் உண்டு. முடிச்சவங்க பின்னாடி ஸ்டடி டூருக்கு அப்ளை பண்ணலாம். ஆனா முடிவுல நீங்க ஒரு லெசன் ப்ளான் எழுதிக் குடுத்தே ஆகணும், அதுல டபாய்க்க முடியாது.

எனக்கு பிடிச்சது எதுன்னா, ப்ரொஃபசர் ஒரு மூலப் பொருளை கையில குடுத்துட்டு வாயை மூடிட்டு உக்காந்துடுவாரு, நாங்கதான் பேசணும். அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஜப்பானுக்கு கப்பல் கொண்டுபோன கதை எல்லா டெக்ஸ்ட்புக்லயும் இருக்குல்ல, 1853ல நாலு கப்பலோட வந்தாரு, 1854ல திரும்பி வந்து ஒப்பந்தம் போட்டாரு, ஜப்பான் கதவு திறந்துச்சு, முடிஞ்சுது. செமினார்ல அதே சம்பவத்தை ரெண்டு பக்கப் படமா பாத்தோம். பெர்ரி கூட்டிட்டுப் போன ஓவியர் ஹைனே வரைஞ்சதுல அமெரிக்கக்காரங்க வரிசையா கம்பீரமா நிக்கறாங்க. ஜப்பான்காரங்க வரைஞ்சதுல பெர்ரிக்கு மூக்கும் புருவமும் பூதம் மாதிரி. இன்னொண்ணுல அமெரிக்கக்காரங்க குட்டி ரயில் இன்ஜினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டறாங்க, பதிலுக்கு இவங்க சுமோ மல்லர்களை இறக்கி அரிசி மூட்டையைத் தூக்க வைக்கறாங்க. இதை அப்படியே என் பசங்ககிட்ட போட்டுக் காட்டி யார் யாரை பயமுறுத்தப் பாக்கறாங்கன்னு மட்டும் கேட்டேன், பீரியட் முடிஞ்சும் பேச்சு நிக்கல. படமெல்லாம் எம்ஐடியோட விஷுவலைசிங் கல்ச்சர்ஸ் சைட்ல ஃப்ரீயா இருக்கு.

சும்மா_ஒரு_சார்:

கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் படம் ஃப்ரீயா சைட்லயே இருக்குன்னா அதுக்கு எதுக்கு செமினார்? கொலம்பியாவோட ஏஷியா ஃபார் எஜுகேட்டர்ஸ்ல மூல ஆவணம், கேள்வி, டைம்லைன் எல்லாம் கிடக்கு. எஜுகேஷன் அபவுட் ஏஷியான்னு 1996ல ஆரம்பிச்ச பத்திரிகை, பழைய இதழ் எல்லாம் ஆன்லைன்ல ஓப்பன். ஸ்டான்ஃபோர்டுல ஸ்பைஸ்னு ஒண்ணு 1976லேர்ந்து பாடத் தொகுப்பு போட்டுட்டு இருக்கு. நைட் புள்ளைங்க தூங்கினப்புறம் உக்காந்து படிக்கலாம்.

இன்னொண்ணு, ட்ரெய்னிங் போயிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் செய்றது ஒரே வேலை, கல்ச்சர் டேன்னு வச்சு ஓரிகாமி மடிக்கறது, சாப்ஸ்டிக்ல பாப்கார்ன் எடுக்கறது. நம்ம ஊரைப் பத்தி இங்க சமோசா, ஹோலின்னு முடிச்சா நமக்கு எப்படிக் கடுப்பாகும், அதையேதான் அவங்களுக்கு நாம செய்றோம்.

ஒஹாயோக்காரி:

சார், படம் சைட்ல இருக்கு, சரி. எதை எப்படிக் காட்டணும்னு சைட் சொல்லுமா? அதே விஷுவலைசிங் கல்ச்சர்ஸ்ல 1894-95 சீன-ஜப்பான் போர் பத்தின ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் இருக்கு, சீனக் கைதிகளை வெட்டற படம் உட்பட. 2006ல அதை எம்ஐடி ஹோம்பேஜ்ல எடுத்துக் காட்டினப்போ அங்க படிச்ச சீன மாணவர்களே கொதிச்சுட்டாங்க, கொஞ்ச நாள் அந்தப் பக்கத்தையே எடுத்து வச்சிருந்தாங்க. போட்டவங்க நோக்கம் போர்ப் பிரச்சாரத்தை அம்பலப்படுத்தறது, பாத்தவங்களுக்குப் பட்டது அவமானம். இவ்ளோ பெரிய இடத்துலயே அப்படின்னா, சீனப் பசங்க உக்காந்திருக்கற கிளாஸ்ல நான் தனியா அதைத் தூக்கிப் போட்டா என்ன ஆகும்? அந்த மாதிரி விஷயத்துக்கு ஏற்கனவே கிளாஸ் எடுத்து அடிபட்ட நாலு டீச்சரோட உக்காந்து பேசணும். ஓரிகாமி மேட்டர்ல நான் உங்க கட்சி.

வரலாற்றுக்கிறுக்கன்:

நானும் ஒஹாயோக்காரி அக்கா சொல்றதுதான். காரணம் வேற. டெக்ஸ்ட்புக் பழைய ஆராய்ச்சியில நிக்குது, செமினார் எடுக்கறவங்க இப்ப நடக்கற ஆராய்ச்சியில இருக்காங்க. உதாரணம், 1793ல பிரிட்டனோட மெக்கார்ட்னி தூதுக்குழு வந்தப்போ சீனாவோட சியென்லூங் பேரரசர் பிரிட்டிஷ் ராஜா மூணாம் ஜார்ஜுக்கு எழுதின கடிதம். உங்க பொருளெல்லாம் எங்களுக்கு வேணாம்னு வர்ற வரியை எடுத்துப் போட்டு, சீனா திமிரா உலகம் தெரியாம இருந்துச்சு, அதனாலதான் 1839ல ஆரம்பிச்ச அபினிப் போர்ல அடி வாங்குச்சுன்னு பல டெக்ஸ்ட்புக்ல கதை போகும். அந்த வரிக்கு இவ்ளோ மவுசு வந்ததே 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான், பேரரசர் உள்ளுக்குள்ள இங்கிலீஷ்காரன் படையெடுப்பானோன்னு கடற்கரைக் காவலை பலப்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டுட்டு இருந்தாருன்னு இப்ப ஆராய்ச்சி வந்திருக்கு. பாடமே தலைகீழா மாறிடுது பாருங்க. அபினிப் போர் எடுக்கும்போது அந்த அபினி விளைஞ்சது பீகார், மால்வா பக்கம்னு சேர்த்துச் சொல்லுங்க, கிளாஸ்ல இந்தியப் பசங்க தூக்கம் கலைஞ்சு நிமிந்து உக்காருவாங்க.

டீச்சர், உங்க மூணு வாரத்துக்கு என் யோசனை, நாடு நாடா பிரிக்காதீங்க. இம்ஜின் போரை நடுவுல வைங்க. 1592ல ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியோட படை கொரியாவுல பூசான்ல இறங்குது, குறி மிங் சீனா, கொரியா வழியில இருக்கு, அவ்ளோதான். மூணு வாரத்துக்குள்ள சியோல் போயிடுச்சு. அப்புறம் மிங் படை உள்ள வருது, கடல்ல கொரியத் தளபதி யி சுன்-சின் ஜப்பான் சப்ளையை அறுக்கறாரு, 1597ல மியோங்நியாங் ஜலசந்தில 13 கப்பலை வச்சுக்கிட்டு ஜெயிச்சாரு. 1598ல முடியறப்போ கொரியா நாசம், மிங் கஜானா காலி, கொஞ்ச காலத்துல சீனாவுல மஞ்சுக்காரங்க ஆட்சிக்கு வர்றாங்க, ஜப்பான்ல தோகுகாவா வம்சம் வருது. ஜப்பான்காரங்க பிடிச்சுட்டுப் போன கொரியக் குயவர்களாலதான் ஜப்பானோட பேர்போன அரிதா பீங்கானே உருவாச்சு. மூணு நாடும் ஒரே கதைக்குள்ள வந்துடுச்சா, கொரியாவும் 1950க்கு முன்னாடியே இருந்த நாடாயிடுச்சு.

காவேரிக்கரை_டீச்சர்:

ஐயோ இது சூப்பர், இதுக்காகவே ஒரு வாரம் குடுக்கலாம் போலருக்கு. இன்னொரு சிக்கல், எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தர் சொல்றாரு, இல்லினாய் (2021), நியூஜெர்சி (2022) மாதிரி இங்கயும் ஒருநாள் ஏசியன் அமெரிக்கன் வரலாறு கட்டாயமாகும், அதுக்கான ட்ரெய்னிங்கா பாத்துப் போங்கன்னு. ரெண்டும் ஒண்ணுதானா?

சும்மா_ஒரு_சார்:

இல்லீங்க. அந்தச் சட்டம் சொல்றது இங்க குடியேறினவங்க வரலாறு, 1882 சீனர் தடைச் சட்டம், 1942ல ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்ல அடைச்சது, அந்த மாதிரி. என்சிடிஏ அந்தந்த நாட்டோட வரலாறு. எங்க ஸ்கூல்லயும் ரெண்டையும் போட்டுக் குழப்பறாங்க, கடைசில கியோட்டோ கோயில் ஸ்லைடைக் காட்டிட்டு ஏசியன் அமெரிக்கன் மந்த் முடிஞ்சுதுன்றாங்க. உங்களுக்கு வேண்டியது வேர்ல்ட் ஹிஸ்டரி, அதனால இதுதான் சரி. சரி போங்க, நான் தடுக்கல. ஆனா பாதிக்கு மேல விவாதமா லெக்சரான்னு சிலபஸைக் கேட்டு வாங்கிப் பாத்துட்டுப் போங்க.

வரலாற்றுக்கிறுக்கன்:

லெசன் ப்ளானுக்கு ஒரு ஐடியா, உங்களுக்குன்னே இருக்கு. இலங்கைல காலிங்கற ஊர்ல 1911ல கிடைச்ச, மிங் சீனாவோட கடற்படைத் தளபதி செங் ஹவோட கல்வெட்டு, இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு. 1409 தேதி போட்டது, ஒரே கல்லுல சீனம், தமிழ், பாரசீகம். சீனத்துல புத்தருக்குக் காணிக்கை, தமிழ்ல தெனாவரை நாயனார்ங்கற தெய்வத்துக்கு, பாரசீகத்துல இஸ்லாத்துக்கு, தங்கம் வெள்ளி பட்டு எண்ணெய்னு பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. பசங்களை மூணு குரூப்பா பிரிச்சு ஆளுக்கு ஒரு மொழிபெயர்ப்பைக் குடுத்துட்டு அப்புறம் ஒண்ணு சேர வைங்க. சமாதானத் தூதுவர்னு எல்லாரும் முடிவு பண்ணினதும், 1411ல அதே செங் ஹ அந்தத் தீவோட ஆட்சியாளரையே பிடிச்சு சீனாவுக்குக் கொண்டுபோனதைச் சொல்லுங்க. தமிழ் பக்கத்தை நீங்களே கல்லு போட்டோல தடவித் தடவிப் படிச்சுக் காட்டலாம், அந்த செமினார்ல வேற யாருக்கு முடியும்?

காவேரிக்கரை_டீச்சர்:

இன்னிக்கு நைட்டே அப்ளை பண்றேன். ப்ரின்சிபால் லெட்டர் வேணுமா, ஒஹாயோ அக்கா?

ஒஹாயோக்காரி:

சில இடத்துல கேப்பாங்க, முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. ஆக்ட் 48 மணி நேரத்தை அவங்களே ஏத்துவாங்களா, நீங்க டிஸ்ட்ரிக்ட்ல குடுக்கணுமான்னும் மெயில்லயே கேட்டுடுங்க. சீட்டு கம்மி, தள்ளிப் போடாதீங்க.