பரம்படித்த தடம்: ஓர் அறிவிப்புப் பலகைக்குச் சொல் தேடிய இழை

வடகாடன், ஹாலிபர்ட்டன், ஒன்ராறியோ
பொருள்: தட மூடல் அறிவிப்பு, உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வாற வெள்ளிக்குள் ஒரு பலகை அச்சுக்குப் போக வேணும். ஐந்தே வரிதான், ஆனால் அதில் நாலு சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் முட்டுப்படுகிறேன்.

இங்கே ஒரு ஸ்னோமொபீல் (பனிமேல் பட்டையால் ஓடுகிற வண்டி) கழகத்தில் தொண்டராக இருக்கிறேன். இந்த மாகாணத்துக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் தடத்தைப் பராமரிக்கின்றன. அதில் பெரும்பங்கு தனியார் காணிக்குள்ளால் போகிறது. காணிக்காரர் வாடகை கேட்பதில்லை. "போங்கோ" என்று அவர்கள் சொன்ன ஒரு சொல்லில்தான் முழுத் தடமும் நிற்கிறது.

போன மார்ச்சில் பனி இளகிக்கொண்டிருந்த கிழமை, சில்லு (சக்கர) வண்டி நாலு எங்கள் தடத்தில் இறங்கி, பிறகு விலகி ஒரு கமக்காரரின் குதிரைப்புல் வயலுக்குள் சுழன்றிருக்கின்றன. கணுக்கால் மறையக் கிடங்கு. அவர் அடுத்த நாளே அனுமதியைத் திரும்பப் பெற்றார், அவரில் பிழை இல்லை. ஆறு கிலோமீற்றர் போய்விட்டது. அந்தத் துண்டு இல்லாமல் இரண்டு ஊருக்கிடையில் வழியே இல்லை.

வந்தவர்களில் சிலர் எங்கட ஆக்கள், வாடகைக் குடிலுக்கு வந்த பெடியள். ஆங்கிலப் பலகையை அவர்கள் வாசித்தார்கள். அதில் "ஏடிவி" என்று இருந்தது, அதாவது மோட்டார் சைக்கிள்போல ஏறியிருந்து கைபிடியால் திருப்புகிற நாலு சில்லு வண்டி. தாங்கள் ஓட்டியது கார்போலச் சுக்கான் (ஸ்டியரிங்) வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கிற வண்டி, ஆகவே அது தங்களுக்கான தடை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் சரியான சொல் கேட்கிறேன்.

தேவையானவை: ஸ்னோமொபீல், அது ஓடுகிற தடம், சில்லு வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர், கடைசியாக "மூடியிருக்கிறது" என்பது.

புலவர், சிதம்பரம்
மறு: தட மூடல் அறிவிப்பு

அன்புடையீர், முதல் சொல்லில் ஐயமே வேண்டா. பனியூர்தி.

ஊர்தல் என்றால் இன்று எறும்பும் பாம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. "சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற குறளில் பல்லக்கில் அமர்ந்து செல்பவனே ஊர்ந்தான். சக்கரம் இன்றிப் பட்டையால் தரையைத் தழுவி நகரும் இவ்வண்டிக்கு ஊர்தலின் இரு பொருளும் பொருந்துகின்றன.

அதே குறளின் முதல் அடியில் "அறத்தாறு" என்று வருகிறது. ஆறு என்றால் வழி. ஆறலை கள்வர், ஆற்றுப்படை எல்லாம் அவ்வழியே. எனவே தடத்திற்குப் பனியாறு என்க. அதர் என்ற சொல்லும் உண்டு. சங்கப் பாடல்களில் பாலை வழிக்கு அதர் என்றே பலமுறை வரும். பனியதர் என்றாலும் அழகே.

ஆசிரியை, ஸ்காபரோ

புலவர் ஐயா, பனியாறு வேண்டாம். புவியியல் பாடநூல்களில் மலையிலிருந்து நகரும் பெரும் பனிப்பாளத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்துப் பல காலமாகிவிட்டது. வடகாடன் அண்ணையின் தடங்களில் பல உறைந்த ஏரிகளுக்கு மேலாலும் போகின்றன. ஏரிக்கரையில் "பனியாறு மூடப்பட்டது" என்று எழுதினால், வாசிக்கிற பிள்ளை தண்ணீரைத்தான் நினைக்கும்.

சனிக்கிழமை வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளிடம் "பனியூர்தி" என்று எழுதிக் காட்டினேன். ஏழு பேர் பனியூர் என்று ஓர் ஊர் இருக்கிறதா என்று கேட்டார்கள். படத்தைக் காட்டியதும் எல்லாரும் ஒரே குரலில் "ஸ்கிடூ" என்றார்கள். வீட்டில் எல்லாரும் வழங்குகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேணும்?

மொழிபெயர்ப்பாளர், மொன்றியல்

ஆசிரியைக்கு: ஸ்கிடூ ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். யமஹா ஓட்டுகிறவர் "என்னுடையது ஸ்கிடூ இல்லையே" என்பார். ஏடிவி பலகையில் நடந்த அதே பிழை திரும்பவும் நடக்கும். ஆனால் இன்னுயிட் மக்கள் அந்தப் பெயரையே தங்கள் நாவுக்கு ஏற்றபடி "சிகிடூக்" என்று பொதுச்சொல்லாக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேணும். கடன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை.

கியூபெக்கில் "மோட்டோநேஜ்" என்கிறோம். மோட்டார், பனி, இரண்டையும் ஒட்டிவைத்த சொல். வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் சின்ன மகன் 1934 குளிர்காலத்தில் குடல்வால் அழற்சியால் இறந்தான். பாதைகள் பனியில் மூடிக்கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. தகப்பன் அதற்கு முன்பும் பனி வண்டிகள் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். 1937இல் பட்டையைச் சுழற்றும் பொறிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கிடூ வந்தது. பாதையே இல்லாத இடத்துக்கென்று பிறந்த வண்டி இன்று பாதை கெட்டால் ஓட முடியாமல் நிற்கிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

மூன்றாவது சொல்லில் கவனம் வேணும். "சாலைக்கு வெளியே ஓடும் வண்டி" என்று யாராவது சொல்வீர்கள். கியூபெக் சட்டத்தில் அந்தப் பெயருக்குள் மோட்டோநேஜும் அடங்கும். ஒன்ராறியோவில் இரண்டுக்கும் இரண்டு சட்டம். அந்தச் சொல்லால் தடை போட்டால் எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஸ்னோமொபீலையே தடுத்திருக்கிறார்கள் என்று வாசிப்பார்.

புலவர், சிதம்பரம்

பனியாற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பனியூர்தியில் "பனி" போதாது என்று எவரேனும் சொல்வதற்கு முன்னரே கூறிவிடுகிறேன்: புறநானூற்று ஆறாம் பாட்டு "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்று தொடங்குகிறது. இமயத்தில் கிடப்பது புல்நுனிப் பனித்துளி அன்று. காரிகிழார் காலத்திலேயே பனி என்ற சொல் இப்பொருளைத் தாங்கியிருக்கிறது.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கோபி

ஐயா சொல்வது சரி. ஆனாலும் எங்களூரில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வைப்பதுதான். உறைபனி என்று மாற்றலாமா என்றால் ஊட்டியில் புல் கருகும்போது செய்தித்தாள்கள் எழுதுவது அந்த உறைபனிதான், அது வேறு. கனடாவில் இருப்பவர்களுக்குப் பனி என்றால் குழப்பம் வராதென்றால் இருக்கட்டும்.

எனக்கு இரண்டாவது சொல்தான் முக்கியமாகப் படுகிறது. கொங்கில் "தடம்" என்றால் இன்றும் வழி. "அந்தத் தடத்துல போங்க" என்றுதான் சொல்வோம். இரண்டு வேலிக்கு நடுவில் ஓடுவது இட்டேரி. யாழ்ப்பாணத்தில் அதை ஒழுங்கை என்பார்கள் என்று கேள்வி. இரண்டுமே அடுத்தவர் நிலத்தை ஒட்டிப் போகும் வழிகள்.

வடகாடன் தம்பி, ஒன்று சொல்லுங்கள். அந்தத் தடத்தை எப்படித் தயார் செய்கிறீர்கள்? வெறுமனே பனி விழுந்த இடத்தில் ஓட்டுகிறீர்களா?

வடகாடன்

இல்லை ஐயா. இதை விளக்கமாக எழுத விடுங்கள், ஏனென்றால் பலகையின் உயிரே அங்கேதான்.

முதல் பனி விழுந்ததும் அதை மிதித்து இறுக்க வேணும். தளர்ந்த பனி போர்வை மாதிரி, அதற்குக் கீழே நிலம் உறையாது. இறுக்கினால்தான் குளிர் உள்ளே இறங்கிச் சதுப்பு நிலம் கெட்டியாகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் பெரிய இயந்திரம் ஒன்று, பின்னால் நீளமான இரும்புச் சட்டம் ஒன்றை இழுத்துக்கொண்டு, மிதிவண்டி வேகத்தில் போகும். மேடுகளை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மேலே அழுத்தி மட்டமாக்கும். பெரும்பாலும் இரவில்தான் செய்வோம். குளிர் கூட, ஆள் போக்குவரத்துக் குறைவு. ஓட்டி முடிந்தபின் சில மணித்தியாலம் யாரும் தொடாமல் விட்டால் அது இறுகிச் சீமெந்துத் தரைபோல நிற்கும்.

ஸ்னோமொபீலின் பட்டை எடையை அகலமாகப் பரப்பும். சில்லு நாலு இடத்தில் குத்தும். பகலில் இளகிய நேரம் சில்லு இறங்கினால் அடிவரைக்கும் வெட்டிவிடும். இரவில் அந்தக் கிடங்கு உறைந்து கல்லாகும். எங்கள் இரும்புச் சட்டம் அதை வெட்ட முடியாமல் மேலால் துள்ளிப் போகும். ஸ்னோமொபீலின் முன் சறுக்குகள் அதற்குள் மாட்டினால், வண்டி ஓட்டுகிறவர் சொல்லைக் கேட்காது. மரத்தில் போய் அடிபட்டவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கோபி

தம்பி, நீங்கள் சொன்னது பரம்படித்தல்! நெல் வயலில் சேற்றுழவு முடித்ததும் மாட்டில் பலகையைப் பூட்டி, மேலே ஆள் ஏறி நின்று இழுத்து மட்டம் செய்வோமே, அதே வேலை. பரம்படித்த வயலில் எங்கள் அப்பா எங்களைக் கால் வைக்க விடமாட்டார். ஒரு குளம்படி பட்டால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், நாற்று அழுகும். உங்கள் தடத்தில் சில்லு செய்வதும் அதுதான்.

"பரம்படித்த தடம்" என்று எழுதுங்கள். இது உழைத்துச் செய்த தரை என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். வண்டிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

புலவர், சிதம்பரம்

பரம்பு நல்ல சொல்லே. பரம்புதல் என்றால் பரவுதல். பரப்பு, பரவை என்பனவும் அந்தக் குடும்பத்தனவே. ஆனால் இடையின ரகரம் என்பதில் அச்சகத்தார் கருத்தாக இருக்க வேண்டும். வல்லின றகரம் இட்டால் பறம்பு, வேள்பாரியின் மலை. முல்லைக்குத் தேர் ஈந்தவன் அவன். தேரை ஓட்டிச் செல்லாமல் கொடிக்கு விட்டு வந்தான் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

ஓர் ஐயம். பரம்பு மருதத்திற்குரிய கருவி. குறிஞ்சிக்கு முன்பனியையும் பாலைக்குப் பின்பனியையும் உரிமையாக்கியவர் தொல்காப்பியர். உழவுச் சொல்லைப் பனி நிலத்திற்குக் கொண்டுபோவது திணை மயக்கம் ஆகாதோ?

மொழிபெயர்ப்பாளர், மொன்றியல்

உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று அதே இலக்கணம் இடம் கொடுக்கிறதே ஐயா. கருவி கருப்பொருள்தானே.

ஆசிரியை, ஸ்காபரோ

மயங்கலாம். ஆனால் இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்குப் பரம்பும் தெரியாது, வயலும் தெரியாது. கோபி ஐயாவுக்கு அந்தச் சொல் தரும் படம் அவர்களுக்கு வராது. "பதப்படுத்திய தடம்" போதாதா?

கணினித் தமிழ்க்காரர், சென்னை

"பதப்படுத்திய" என்றால் எங்களுக்கு ஊறுகாயும் தோலும்தான் நினைவுக்கு வரும். பரம்புக்கே என் வாக்கு.

சில்லு பற்றி ஒரு தடை. தமிழ்நாட்டில் கணினி எழுத்துகளில் சில்லு என்றால் சிலிக்கான் சில்லு. அதற்கு முன்பு உடைந்த ஓட்டுச்சில்லு. நாற்சில்லி என்று யாரும் சொல் உருவாக்கினால் எங்களுக்குப் புரியாது. நாற்சக்கரி என்று வைக்கலாம்.

வடகாடன்

சகோதரம், பலகை நிற்கப் போவது ஒன்ராறியோக் காட்டில். வாசிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சைக்கிள் சில்லு, கார்ச்சில்லு என்று சொல்லி வளர்ந்த வீட்டுக்காரர். எங்களுக்குச் சக்கரம் கோயில் தேரில் இருக்கிறது. உங்கள் சொல்லில் பிழையில்லை, இடம்தான் வேறு.

"நால்" என்று எண் வைப்பதும் சரிவராது. ஆறு சில்லு வண்டியும் வருகிறது, மூன்று சில்லுப் பழைய வண்டியும் வருகிறது. எண்ணைப் போட்டால் இன்னொருவர் "என்னுடையது அது இல்லை" என்பார். சிலர் சில்லைக் கழற்றிவிட்டு ரப்பர்ப் பட்டை பூட்டிக்கொண்டும் வருகிறார்கள். எங்கள் கழகத் தடத்தில் அதற்கும் இடமில்லை. அதை எந்தச் சொல்லுக்குள் அடக்குவது?

மொழிபெயர்ப்பாளர், மொன்றியல்

அதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம். எது போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள். "பனியூர்தி தவிர வேறெதுவும் இறங்கக் கூடாது." பலகையின் பாரத்தைப் பெயர் சுமக்க வேண்டியதில்லை, வாக்கியம் சுமக்கட்டும்.

ஆசிரியை, ஸ்காபரோ

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பனியூர்திக்குப் பக்கத்தில் "அதாவது ஸ்னோமொபீல்" என்று இருந்தால் என் எதிர்ப்பையும் விடுகிறேன்.

"மூடப்பட்டது" பற்றி ஒன்று. அது கடையைப் பூட்டிப் போனது போல இருக்கிறது. கோயிலில் "நடை சாத்தியிருக்கிறது" என்றால் திறக்கும் என்று தெரியும், ஆகவே யாரும் சுவர் ஏறிக் குதிப்பதில்லை. தற்காலிக மூடலுக்கு அந்தத் தொனி வேணும்.

வடகாடன்

எங்களிடம் இரண்டு மூடல் இருக்கிறது அக்கா. ஒன்று பனி போதாமல், அல்லது இளகியதால், சில நாளுக்கு. இணைய வரைபடத்தில் அந்தத் துண்டு சிவப்பாக இருக்கும், பிறகு பச்சையாகும். மற்றது காணிக்காரர் இல்லை என்றது. அது சாத்தியது இல்லை, போனது. முதலாவதுக்கு "அடைத்திருக்கிறது" என்று எழுதுகிறேன், அது திறக்கும். இரண்டாவதுக்கு "இனி வழி இல்லை". என் பேரனார் காணி உறுதி வாசிக்கும்போது "வழி வாய்க்கால் உரித்து" என்று சொல்லுவார். இங்கே எங்களுக்கு உரித்து ஒன்றும் இல்லை, காணிக்காரரின் மனம் மட்டும்தான்.

நாளை அச்சுக்குப் போகிறது. கடைசி வடிவம்:

"இது பரம்படித்த பனித்தடம்.
பனியூர்தி, அதாவது ஸ்னோமொபீல், தவிர வேறெந்த வண்டியும் இறங்கக் கூடாது.
சில்லுத்தடம் ஒன்று விழுந்தாலும் தடம் கெடும்.
அடைத்திருக்கும்போது உள்ளே வராதீர்கள்.
நீங்கள் நிற்பது ஒருவரின் வயல்."

புலவர், சிதம்பரம்

ஐந்து வரியும் நன்று. ஆனால் "அதாவது ஸ்னோமொபீல்" என்று பக்கத்தில் நிற்கும்வரை பனியூர்தி என்ற சொல் தன் காலில் நிற்கப் பழகாது. என் மறுப்பை இழையில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த அச்சில் அதை நீக்க வேண்டும்.

ஆசிரியை, ஸ்காபரோ

நீக்கக் கூடாது என்பது என் பதிவு.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கோபி

வடகாடன் தம்பிக்கு: பலகை போகட்டும். எனக்கு ஒரு விவரம் மட்டும் வேண்டும். நீங்கள் இழுக்கும் அந்தச் சட்டத்துக்கு அடியில் வெட்டும் கத்தி உண்டா, வெறும் தட்டையா?

வடகாடன்

இரண்டும் உண்டு ஐயா. முன்னால் வரிசையாகக் கத்திகள், மேட்டைச் சீவும். பின்னால் அகலத் தட்டு, அழுத்தும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கோபி

அப்படியானால் முன்பாதி பரம்பு இல்லை. எங்கள் பலகைக்குக் கத்தி கிடையாது. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு பெயர் இருக்க வேண்டும். நாளை சந்தைக்கு வரும் பழைய தச்சர் ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.